மேய்ச்சல் முறையில் கறிக்கோழி வளர்ப்பு

கிராமங்களில் வீட்டுக்கு ஐந்து முதல் இருபது கோழிகள் வரை வளர்ப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் கோழிகள் குப்பைமேட்டையும் களத்துமேட்டையும் கிளறி வயிற்றை நிரப்பிக் கொள்ளும். மாலையில் தாமாகவே வந்து அடையும். வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி நொய்யோ கம்போ வீசுவதோடு செலவு முடிந்துவிடும். அவசரத்துக்கு இரண்டு கோழிகளை விற்றால் கைச்செலவுக்கு ஆயிற்று.

நகரங்களில் நாட்டுக்கோழிக் கறிக்குக் கிடைக்கும் விலையைப் பார்த்துவிட்டு, இதே கோழிகளை 100 ஆகவும் 200 ஆகவும் பெருக்கினால் லாபமும் அதே கணக்கில் பெருகும் என்று எண்ணி இறங்கும் சிறு விவசாயிகள் உண்டு. இதில்தான் நஷ்டம் தொடங்குகிறது. இருபது கோழிகளுக்கு நிலமே தீவனம் போடுகிறது. நூறு கோழிகள் அதே நிலத்தில் உள்ள புழு பூச்சிகளைச் சில நாட்களில் தின்று தீர்த்துவிடும். இருபது கோழிகளின் எச்சம் தோட்டம் முழுவதும் சிதறி வெயிலில் காய்ந்துவிடும். நூறு கோழிகளின் எச்சம் ஒரே இடத்தில் சேர்ந்து நோய்க்கு விளைநிலமாகும். ஆகவே நூறு கோழி வளர்ப்பதை இருபது கோழி வளர்ப்பின் ஐந்து மடங்கு என்று கருதக் கூடாது. அதன் கணக்கே வேறு.

எந்தக் கோழி ஏற்றது?

ஐந்தாறு வாரங்களில் இரண்டு கிலோ எடை வரும் பிராய்லர் குஞ்சுகளை வாங்கி மேய விடுவது வீண் முயற்சி. அவை அடைத்து வைத்து, நிறைந்த தீவனம் கொடுத்து வளர்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை. வெளியே விட்டாலும் கொட்டகை வாசலையும் தீவனத் தட்டையும் விட்டு நகர மாட்டா. உடல் எடையைக் கால்கள் தாங்காது. சித்திரை வெயிலில் மூச்சு வாங்கியே இறந்து போகும்.

மேய்ச்சலுக்கு மெதுவாக வளரும், ஓடியாடி இரை தேடும் கோழிகளே தேவை. நாட்டுக்கோழிகளில் அசீல் என்னும் சண்டைக்கோழி இனக் கலப்புள்ளவை நல்ல கறி தருபவை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள நந்தனம், நாமக்கல் கோழி வகைகள், ஐதராபாத்திலிருந்து வந்த வனராஜா, பெங்களூரின் கிரிராஜா ஆகிய நிறக்கோழிகள் நாட்டுக்கோழியைவிட விரைவாக வளரும். கலப்பற்ற நாட்டுக்கோழி ஒரு கிலோ எடையை எட்ட நான்கு மாதமோ அதற்கு மேலோ ஆகும். மேம்படுத்தப்பட்ட வகைகள் நல்ல தீவனத்தில் 12 வாரங்களில் ஏறத்தாழ 1¼ கிலோ வரும். சந்தையில் நாட்டுக்கோழிக்கு விலை கூடுதல். நிறக்கோழிக்குத் தீவனச் செலவு குறைவு. எது லாபம் என்பதை அந்தந்த ஊர்ச் சந்தைதான் தீர்மானிக்கும்.

குஞ்சுகளைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையங்களிலோ நம்பகமான குஞ்சு பொரிப்பகங்களிலோ ஒரே வயதினவாக வாங்க வேண்டும். குஞ்சும் தீவனமும் தந்து, வளர்ந்த கோழியை உயர்ந்த விலைக்குத் தாங்களே எடுத்துக் கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. 2012-ம் ஆண்டில் கொங்குப் பகுதியில் ஈமு கோழியிலும் நாட்டுக்கோழியிலும் இவ்வாறு பணம் போட்டு இழந்தவர்கள் ஏராளம்.

முதல் ஆறு வாரம்

தாய்க்கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துச் சூடு கொடுக்கிறது. நூறு குஞ்சுகளை வாங்கி வரும்போது அந்தச் சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் குஞ்சுகள் இருக்கும் மட்டத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக் கொண்டு வரலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று கொண்டால் நூறு குஞ்சுகளுக்கு 60 வாட் குண்டு பல்புகள் நான்கு போதுமானவை. இக்காலத்தில் கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்குத் தேவையான சூட்டைத் தராது. இதை அறியாமல் பல்பு எரிகிறதே என்று இருந்துவிட்டால் குஞ்சுகள் இரவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கி இறக்கும். மின்தடை உள்ள ஊர்களில் மண்சட்டியில் கரி நெருப்பை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். புகை அடங்கி நன்கு கனிந்த பிறகே உள்ளே வைத்து, காற்றுப் போக வழியும் விட வேண்டும்.

வெப்பமானி இல்லையென்றாலும் பரவாயில்லை. குஞ்சுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை. ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். வட்டம் முழுவதும் பரவிப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் ஒரு தடவை பார்ப்பது முதல் வாரத்தில் தவிர்க்க முடியாத வேலை.

ஐந்தடி விட்டத்தில் தகரத்தாலோ தடித்த அட்டையாலோ ஒன்றரை அடி உயர வட்டத் தடுப்பு அமைத்து, தரையில் இரண்டு அங்குலம் உமியோ நிலக்கடலைத் தோலோ பரப்பி, முதல் சில நாட்களுக்கு மேலே செய்தித்தாளை விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சுகள் உமியைத் தின்றுவிடும். குஞ்சு வந்தவுடன் முதலில் கொதித்து ஆறிய நீரில் குளுக்கோஸ் கலந்து வைத்து, குடித்த பிறகே தீவனம் தர வேண்டும். குஞ்சுகள் வளர வளர வட்டத்தைப் பெரிதாக்கிக் கொண்டே போக வேண்டும். உமி ஈரமானால் அன்றே அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். இரத்தக் கழிச்சல் நோய் ஈர உமியிலிருந்துதான் கிளம்புகிறது.

இறகு முளைத்து மூடும் முன் குஞ்சுகளை வெளியே விடக் கூடாது. ஆறாவது வாரம் சரியான தருணம். அதற்கு முன் விட்டால் காகமும் பருந்தும் பங்கு கேட்கும். திடீர் மழையில் நனைந்த குஞ்சு பிழைப்பது அரிது.

நிலத்தை மாற்றி மாற்றி விடுதல்

நூறு கோழிகளுக்கு ஐந்து சென்ட் வீதம் நான்கு பகுதிகளாக இருபது சென்ட் நிலம் இருந்தால் இந்த முறை நன்றாக நடக்கும். ஐந்து சென்ட் என்பது தலைக்கு ஏறக்குறைய 22 சதுர அடி. பிரான்சு நாட்டில் 'லேபிள் ரூஜ்' என்ற தர முத்திரையுடன் விற்கும் மேய்ச்சல் கோழிகளுக்கும் தலைக்கு 2 சதுர மீட்டர் வெளியிடம் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஏறத்தாழ இதே அளவுதான். மெதுவாக வளரும் இனமாக இருக்க வேண்டும், 81 நாட்களுக்கு முன் அறுக்கக் கூடாது என்பவையும் அங்குள்ள விதிகள். 

ஒரு பகுதியில் இரண்டு வாரம் மேய்ந்த பிறகு அடுத்த பகுதிக்கு மாற்ற வேண்டும். இவ்வாறு சுற்றி வந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு வாரம் ஓய்வு கிடைக்கும். அதற்குள் புல் தழைக்கும், பூச்சி சேரும், வெயிலில் நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் பெருமளவு குறையும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இவை மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் கொட்டகை வாசலிலும் சேறு சேராமல் மணலோ சரளையோ கொட்டிச் சுண்ணாம்பு தூவுவது அவசியம். மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில், பனியும் ஈரமும் காய்ந்த பிறகு திறந்து விட்டால் போதும். மழை நாட்களில் கொட்டகையிலேயே வைத்துத் தீவனம் கொடுப்பதுதான் லாபம்.

தென்னந்தோப்பு, மாந்தோப்பு, முருங்கைத் தோட்டம் ஆகியவை மேய்ச்சலுக்கு ஏற்றவை. பருந்துக்கு மறைவும் வெயிலுக்கு நிழலும் கிடைக்கும். வேலியோரம் அகத்தி, கிளைரிசிடியா நடலாம். மருந்து தெளித்த தோப்பிலோ குருணை மருந்து இட்ட வயலிலோ கோழிகளை விடவே கூடாது. குருணையைக் கோழி மணல் என்று பொறுக்கித் தின்னும். எலிக்கு வைத்த மருந்தும், அதைத் தின்று செத்த எலியும் இவ்வாறே ஆபத்து.

இரவில் தலைக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சதுர அடி வீதம் கொட்டகை வேண்டும். கீரி, மரநாய், பெருச்சாளி நுழையாதபடி நெருக்கமான கம்பிவலை அடித்து, அடியில் ஒரு அடி ஆழம் புதைக்க வேண்டும். மாலைத் தீவனத்தைக் கொட்டகைக்குள் மட்டுமே வைத்துப் பழக்கினால் கோழிகளைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

தீவனம்

மேய்ச்சல் தீவனச் செலவைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. 12 வார முடிவில் நூறு கோழிகள் 1¼ கிலோ வீதம் 125 கிலோ எடை வர வேண்டுமானால், கிலோவுக்கு மூன்று கிலோ என்ற கணக்கில் ஏறக்குறைய 375 கிலோ, அதாவது ஏழரை மூட்டைத் தீவனம் செலவாகும். இதில் மேய்ச்சல் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பது தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். மாலையில் அடையும்போது நாலைந்து கோழிகளைப் பிடித்துக் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். உருண்டு நிறைந்திருந்தால் அன்று தோட்டம் கொடுத்திருக்கிறது. தொங்கி வெறுமையாக இருந்தால் தீவனத்தைக் கூட்ட வேண்டும்.

முதல் ஆறு வாரத்துக்கு 20 சதவிகிதப் புரதம் உள்ள குஞ்சுத் தீவனமே கொடுக்க வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தால் பின்னர் எவ்வளவு போட்டாலும் எடை ஏறாது. அதன் பிறகு மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, அரிசிக் குருணை, தவிடு ஆகியவற்றில் விலை மலிவானதைப் பாதிக்கு மேலும், கடலைப் பிண்ணாக்கு அல்லது சோயாப் பிண்ணாக்கைக் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் சேர்த்து, தாதுஉப்புக் கலவை கலந்து வீட்டிலேயே அரைக்கலாம். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை மலிவு என்று வாங்கினால் ஈரல் கெட்டு, கோழிகள் நோஞ்சானாகி நிற்கும். கருவாட்டுத் தூள் சேர்ப்பதானால் உப்பில்லாத கருவாடாக இருக்க வேண்டும். உப்புக் கருவாடு குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

அசோலா பற்றி இக்காலத்தில் அதிகம் பேசப்படுகிறது. நல்ல பசுந்தீவனம்தான். ஆனால் ஒரு கிலோ பச்சை அசோலாவில் தண்ணீர் போக மிஞ்சுவது ஏறக்குறைய 60 கிராம். அதில் புரதம் 15 கிராம் அளவே. ஆகவே அதைப் பிண்ணாக்குக்கு மாற்றாக எண்ணாமல் கீரைக்குச் சமமாக எண்ணிக் கொடுப்பது பொருத்தம். குஞ்சுகளுக்குப் புரதம் தர நம் பாட்டிமார் கண்ட வழி இதைவிடச் சிறந்தது. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, வைக்கோல், உலர்ந்த சாணம் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். வெயில் ஏறும் முன் எடுத்துக் குஞ்சுகளுக்குக் கொட்டிவிட வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல்

கோழி வளர்ப்பில் ஒரே இரவில் முதலை அழிக்கும் நோய் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். 1927-ம் ஆண்டில் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் இப்பெயர் நிலைத்தது. பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், மூச்சுத் திணறல், இறக்கை தொங்குதல், கழுத்து திருகிக் கொள்ளுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இது வைரஸ் நோய். வந்த பின் மருந்து இல்லை. கோடையில் கிராமத்துக்குக் கிராமம் தாவும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்நோயின் கொடுமை நன்கு விளங்கும். இரண்டாவது வாரத்தில் ஒரு குஞ்சு இறந்தால், குஞ்சின் விலையும் அது தின்ற கால் கிலோவுக்குக் குறைவான தீவனமும் நஷ்டம். பத்தாவது வாரத்தில் இருபது கோழிகள் இறந்தால், தலைக்கு இரண்டரைக் கிலோ வீதம் ஒரு முழு மூட்டைத் தீவனமும் அவற்றோடு குழியில் இறங்குகிறது. தடுப்பூசி போடாத தொகுதியில் நோய் இருபதோடு நிற்பதும் அபூர்வம்.

ஐந்து முதல் ஏழு நாள் வயதில் லசோட்டா அல்லது எஃப் வகைத் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டாவது வாரத்தில் கம்போரோ நோய்க்கான மருந்து. நான்காவது வாரத்தில் லசோட்டாவை மீண்டும் குடிநீரில் கலந்து கொடுக்க வேண்டும். குடிநீரில் கொடுக்கும் நாளில் இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, குளோரின் கலக்காத கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் சேர்த்து, மருந்தைக் கலந்து வைத்தால் எல்லாக் கோழிகளும் விரைவில் குடித்துவிடும். எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழ் ஊசி போட வேண்டும். இந்த ஊசியைச் சிறு குஞ்சுகளுக்குப் போட்டால் ஊசியே நோயைக் கொண்டு வந்துவிடும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும்.

தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் முகாம் நடத்தி இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறது. மற்ற மாதங்களில் வளரும் தொகுதிகளுக்கு விவசாயியே கால்நடை மருந்தகத்தில் ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும். மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட கோழிகளுக்குரிய அளவில்தான் வருகிறது. ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டு வந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்; மறுநாளுக்கு வைத்திருக்க முடியாது. பக்கத்து வீட்டு ஐந்து கோழிகளுக்கும் எதிர்வீட்டு எட்டுக் கோழிகளுக்கும் அன்றே சேர்த்துப் போட்டுவிடுவது தருமம் மட்டுமல்ல. நோய் அந்த வேலியைத் தாண்டித்தான் வருகிறது.

ஊசிக்கு அடுத்தபடி முக்கியமானது, சந்தைக்குக் கொண்டு போய் விலை படியாமல் திரும்பிய கோழியை மற்றக் கோழிகளோடு சேர்க்காமல் இருப்பது. நோய் ஊருக்குள் நுழையும் வழிகளில் இது முதன்மையானது. அத்தகைய கோழியையும் புதிதாக வாங்கிய கோழியையும் இரண்டு வாரம் தனியே பஞ்சாரத்தில் அடைத்து வைத்துப் பார்க்க வேண்டும். கடையில் வாங்கிய கோழிக்கறியைக் கழுவிய தண்ணீரையும் இறகையும் மேய்ச்சல் பக்கம் கொட்டக் கூடாது. இறந்த கோழியை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். நாய்க்கு எறிவது நோயை ஊர்கோலம் அனுப்புவதாகும்.

எப்போது விற்பது?

குஞ்சு வாங்கும் நாளிலேயே விற்கும் நாளைக் குறித்துக் கொள்ள வேண்டும். ஆனி மாதத்தில் குஞ்சு வாங்கினால் கோழி தயாராகும்போது புரட்டாசி பிறந்திருக்கும். வாங்க ஆள் இராது, தீவனம் மட்டும் இறங்கிக் கொண்டிருக்கும். கார்த்திகை, மார்கழியிலும் மாலை போட்டவர்கள் வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். ஆடி நடுவில் குஞ்சு விட்டால் தீபாவளிக்குத் தயார். மழை வலுக்கும் முன் மேய்ச்சலும் முடிந்துவிடும். சித்திரையில் விட்டால் ஆடிக் கோயில் விழாக்களுக்கு ஆகும். சித்திரையில் குஞ்சுக்கு மின்சாரச் செலவு குறைவு என்றாலும், கழிச்சல் நோயின் காலம் அது என்பதால் தடுப்பு மருந்தில் ஒரு நாள் கூடத் தவறக் கூடாது.

பத்தாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை பத்துக் கோழிகளைக் கூடையிலிட்டு நிறுத்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கோழி வாரத்துக்கு அரைக் கிலோ தீவனம் தின்று 100 கிராம் எடை கூடினால், ஒரு கிலோ கறிக்கோழி உண்டாக ஐந்து கிலோ தீவனம் செலவாகிறது என்று பொருள். அந்த ஐந்து கிலோவின் விலை, ஒரு கிலோ உயிர்க்கோழியின் விலையை நெருங்கும் வாரத்தில் மொத்தத்தையும் விற்றுவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும் என்று வைத்திருப்பது வியாபாரிக்கு லாபம் தரலாம், வளர்ப்பவருக்குத் தராது. சேவல்கள் முன்னதாக எடை வரும் என்பதால் அவற்றை முதலில் கழித்துவிட்டு, பெட்டைகளுக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுக்கலாம். குடற்புழு மருந்தோ வேறு மருந்தோ கொடுத்திருந்தால், கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளி கழியும்வரை கோழிகளைக் கறிக்கு விற்கக் கூடாது.

கடைசிக் கோழி போன பிறகு கொட்டகையிலுள்ள உமியை முழுவதும் அள்ளி, தரையையும் சுவரையும் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் வெறுமையாகக் காயவிட்டு, அதன் பின்னரே அடுத்த குஞ்சுகளை இறக்க வேண்டும். அள்ளிய உமியை உடனே பயிருக்குப் போட்டால் வேர் கருகும். குவித்து, ஈரப்படுத்தி, ஒன்றிரண்டு மாதம் மக்கவைத்துத் தென்னைக்கும் கத்தரிக்கும் இடலாம்.